சிபாரிசுக்கு ஒரு புனிதர்

அண்ணாச்சி யாரிடமும் எதையும் நேராகக் கேட்கமாட்டார். கேன்டீனில் டீ வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, நமக்கும் ஒன்று சொல்லும் என்பார். டீ ஆற்றுகிற ஆள் அவருக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருப்பான்.

ஷார்ஜாவில் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்த சைட்டில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் சைட் ஆபீஸில் டைப்பிஸ்ட். எழுபதுகளின் நடுவில், துபாயில் சத்வாவிலிருந்து தினமும் நாலு பேரோடு டாக்சியில் நெருக்கிக்கொண்டு வந்துபோவேன். அவருக்கு நாலு பாகம் கொண்ட நீளமான கிறிஸ்தவப் பெயர் ஒன்று உண்டு. அதை அவருடைய பாஸ்போர்ட்டில் மட்டும் பார்த்திருக்கிறேன். தூத்துக்குடிக்குத் தெற்கே ஏதோ கடற்கரை ஊர். எனவே தமிழர்களுக்கெல்லாம் அண்ணாச்சி. தமிழர்களைப் பார்த்துப் பட்டாணியர்களுக்கும் அண்ணாச்சி. எங்கள் ஜெனரல் ஃபோர்மேன் ஒரு இத்தாலிக்காரர். அவர் 'அனாச்சோ' என்று கூப்பிடுவார். அது அவர் ஊர்ப் பெயர்போலவே இருக்கும்.

இளமையில் பாதிரியாருக்குப் படிக்கப் போய், ஆறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், சிபாரிசு பத்தவில்லை என்பார். அந்த ஆறு வருஷத்தில் அங்கிருந்த நூலகத்தில் ஒரே ஒரு பெரிய புத்தகத்தைத்தான் அவர் முழுசாகப் படித்தாராம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவில் எந்த ஊருக்கு எந்தப் புனிதர், எந்தத் தொழிலுக்கு எந்தப் புனிதர், எந்த வியாதிக்கு யாரிடம் போகவேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். வேதத்தை மறந்துவிட்டார். இதை மறக்கவில்லை.

அவருடைய ஸ்டோரும் அந்தப் புத்தகத்தின்படிதான் இருந்தது. ரேக்குகளுக்கு நம்பர் கிடையாது. தச்சுச் சாமான் ரேக் சூசையப்பர். கயிறு, ஏணி, வண்டிச் சாமான் எல்லாம் பயணக்காரர்களுக்குக் காவலான கிறிஸ்டோபர். சின்னச் சின்ன போல்ட்டு நட்டுகள் காணாமல் போகக்கூடியவை என்பதால் அந்தோணியார். ராமநாதபுரத்திலிருந்து வந்த குலசாமிக்காரர்களும், பெஷாவர்க்காரர்களும் வரிசையில் நின்று, சூசையப்பரில் ரெண்டு இஞ்ச் ஆணி ஒரு கிலோ என்று கேட்டு வாங்குவார்கள். கம்பெனியின் ஸ்டாக் ரிஜிஸ்டரைச் சரிபார்க்க வந்த ஆடிட்டர் ஒருவர் ஒருநாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, இரண்டாம் நாள் வரவில்லை.

எனக்கு அவர் பழக்கமானது பல்வலியால். கடைவாய் வீங்கி, முதலுதவிப் பெட்டி அவரிடம்தான் இருக்கிறது என்று போனேன்.

"என்ன வே, பல்லா? அதுக்கு அப்பொலோனியா அம்மா இருக்காவ. அவிய பல்லைப் பிடுங்கித்தான் கொன்னானுவ. அன்னையிலேருந்து பல்லு இலாகா அவியளுக்கு."

அந்தக் காலத்தில் அந்த அம்மாளின் பல் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லாத கோயிலே கிடையாது என்றார். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வண்டி தேறும், ஒரு பொம்பளைக்கு அத்தனை பல்லா என்று ஒருத்தனும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவனுக்குப் பல் வலித்திருக்கும் என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, பெட்டியிலிருந்து கிராம்புத் தைலம் எடுத்துப் பஞ்சில் தோய்த்துக் கொடுத்தார். தைலம் எதற்கு என்று கேட்டேன். ஒருவேளை அம்மா லீவில் இருந்தால் என்றார்.

கடவுளிடம் நேராகக் கேட்டால் என்ன என்று ஒருமுறை வாதம் செய்தேன். அவர் கோபப்படவில்லை. கஃபீலை, அதாவது எங்களுக்கெல்லாம் விசா கொடுத்த அரபி முதலாளியை, நான் எப்போதாவது பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? கஃபீலிடம். லீவு வேண்டுமென்றால் யாரிடம் போகிறேன்? ஃபோர்மேனிடம், அவர் மூலமாக மேனேஜரிடம். இந்த ஊரில் அதற்கு வாஸ்தா என்று பெயர், நம் ஊரில் சிபாரிசு, அந்தக் காலத்து ஐரோப்பாவில் அதற்குப் புனிதர் என்று பெயர் என்றார். ராஜா, பிரபு, அவனுக்குக் கீழே காரியக்காரன் என்று அடுக்கடுக்காகப் பயந்து வாழ்ந்த குடியானவன், மேலுலகம் மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று எப்படி நம்புவான்? நான் அதற்கு மேல் வாதம் செய்யவில்லை. அந்த மாதம்தான் என் மனைவியின் விசாவைப் புதுப்பிக்கவேண்டியிருந்தது. ஃபோர்மேனிடம் எனக்காகச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

அவருடைய புலமையால் எங்களுக்கு லாபமும் வந்தது. டிசம்பர் நாலாம் தேதி காலையில் இத்தாலிக்காரரிடம் போய், அதுவும் நேராக இல்லை, அவருடைய டிரைவரிடம், இன்றைக்குப் புனித பார்பராவின் திருநாள் என்று சொன்னார். வெடி வைக்கிறவர்கள், சுரங்கம் தோண்டுகிறவர்கள், இடிக்குப் பயப்படுகிறவர்கள் எல்லோருக்கும் அவள்தான் காவல். இத்தாலிக்காரரின் அப்பா சுரங்கத் தொழிலாளியாம். மனுஷன் ஜீப்பிலேயே உட்கார்ந்து அழுதார். மதியத்தோடு எல்லோருக்கும் லீவு கொடுத்தார். பட்டாணிய மேஸ்திரி ரொம்ப மரியாதையாக அண்ணாச்சியிடம் வந்து, அந்த பார்பரா பீவிக்குத் தங்கை யாராவது உண்டா பாய் என்று விசாரித்தார். ஒன்பது நாள் கழித்து அண்ணாச்சி லூசியா என்று ஒருத்தியைக் கொண்டுவந்தார். இத்தாலிக்காரர் கலாஸ், இதோடு போதும் என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் தமாஷாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கருப்பையா விழுகிறவரை.

கருப்பையா முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். சாரம் கட்டுகிற வேலை. கோபுரத்தின் சாரம் ஐம்பது அடிக்குப் போயிருந்தபோது பலகை புரண்டு மேலிருந்து வந்தார். கீழே சலித்துக் கொட்டியிருந்த மணல் குவியல். அதன்மேல் காலி சிமெண்ட் பைகள். எல்லோரும் ஓடிப் போவதற்குள் அவரே எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். உடம்பில் ஒரு சிராய்ப்பு. ஹெல்மெட் மட்டும் நெற்றிப் பக்கம் விரிசல் விட்டுக் கிடந்தது.

அண்ணாச்சி அந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் செய்தவர் அண்ணாச்சி. புனிதர் விவகாரத்தில், தொழிலாளர்கள் தங்கியிருந்த அந்த கேம்ப்பில் அவருக்கு மேலே ஆள் கிடையாது.

மறுநாள் காலை சாரத்தில் ஏறுகிறவர்கள் கருப்பையாவிடம் வந்து, தலையில் கை வை என்றார்கள். ஒரு வாரத்தில் அது நடைமுறையாகிவிட்டது. ஏணியின் அடியில் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவனும் குனிய, அவர் தொட, அவன் ஏற. மேஸ்திரி இந்த வரிசைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினார். வாந்தி எடுக்கிறவன், ஊரிலிருந்து கடிதம் வராதவன், விசா நிற்கிறவன் எல்லாம் வரத் தொடங்கினார்கள். நானும் ஒரு வெள்ளிக்கிழமை அவரை சத்வாவுக்குச் சாப்பிட அழைத்துப்போனேன். விருந்து என்று சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் அவர் கால் படட்டும் என்பதுதான் உள்ளே இருந்த கணக்கு.

அவர் போனபிறகு என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, அந்த ஆளு பால்கனிப் பக்கமே வரல பாத்தீங்களா? ரெண்டாவது மாடிதான். பயந்து போயிருக்காரு. உங்க சைட்ல ஒருத்தருக்குமா தெரியல?"

ஒருத்தருக்கும் தெரியவில்லை. புனிதருக்குப் பயம் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

இதற்கு நடுவில்தான் என் கையால் ஒரு காரியம் நடந்தது. விழுந்த சம்பவத்துக்குப் பிறகு, சாரத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள நாற்பத்தெட்டு சேஃப்டி பெல்ட் கேட்டு இத்தாலிக்காரர் துபாய் ஆபீஸுக்கு எழுதியிருந்தார். ஆர்டரும் போட்டார்கள். பிறகு மேனேஜர் சைட்டைப் பார்க்க வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். காலை வரிசையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொன்னார்கள். பயமில்லாமல் ஏறுகிறார்களா என்று கேட்டார். முன்னைவிட வேகமாக ஏறுகிறார்கள் என்றார்கள். மூன்றாம் நாள் எனக்கு ஒரு கடிதம் டைப் செய்ய வந்தது. பெல்ட் ஆர்டரை நிறுத்திவைக்கவும், தற்சமயம் அவசியமில்லை. தப்பில்லாமல், மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன். அந்த மாதம் என் மனைவியின் விசா புதுப்பித்து வந்தது.

அண்ணாச்சியிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம் கருப்பையாவே ஸ்டோருக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணாச்சி, என்னால முடியல. கண்ண மூடுனா விழுந்துக்கிட்டே இருக்கேன். ஊருக்குப் போறேன்னு சொன்னா பயலுக விட மாட்டேங்குறாங்க. நீ போயிட்டா நாங்க எப்படி ஏறுறதுன்னு அழுவுறாங்க."

கம்பெனியும் விடாது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணாச்சி அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு கதை சொன்னார். ஒரு துறவி, உயிரோடு இருக்கும்போதே புனிதர் என்று பேர் வாங்கியவர், தான் இருந்த ஊரைவிட்டுக் கிளம்பப் பார்த்தாராம். ஊர்க்காரர்கள் கூடி யோசித்தார்கள். உயிரோடு போனால் ஆள் கைவிட்டுப் போய்விடும். செத்தால் எலும்பாவது ஊருக்கு மிஞ்சும், எலும்பு இருந்தால் கொள்ளைநோய் வராது, யாத்திரைக்காரர்கள் வருவார்கள், சந்தை கூடும். எனவே கொன்றுவிடுவது என்று பக்தியோடு முடிவு செய்தார்கள். சேதி தெரிந்த துறவி தலையை மழித்துக்கொண்டு, விடியற்காலையிலேயே சோற்றைக் கண்டபடி அள்ளித் தின்று பைத்தியம்போல் நடித்தார். இவனா புனிதன் என்று விட்டுவிட்டார்கள்.

கருப்பையா கதையைக் கேட்டுவிட்டு, நம்மள கொன்னுருவாங்களா அண்ணாச்சி என்று கேட்டார். கொல்லமாட்டார்கள், ஆனால் நீ பைத்தியமாகலாம் என்றார் அண்ணாச்சி.

ஆனார். சிமெண்ட் மிக்சருக்கு சலாம் வைத்தார். மேஸ்திரியை அம்மா என்று கூப்பிட்டார். எதற்கும் அசையாத கம்பெனி, அவர் கேம்ப்பின் குடிதண்ணீர் டிரம்முக்குள் இறங்கிச் சோப்புப் போட்டுக் குளித்தபோது அசைந்தது. நாலே நாளில் பாஸ்போர்ட் வந்தது, டிக்கெட் வந்தது. அந்த டிரம் தண்ணீரைக் கீழே கொட்டுவதற்குள் இரண்டு பேர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

ஆள் போனார், ஹெல்மெட் நின்றது. கருப்பையா உட்கார்ந்திருந்த அதே டிரம்மின் மேல் அதை வைத்தார்கள். தொடுவது இன்னும் சுலபமாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குப் பயம் கிடையாது, ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லாது. விரிசலில் யாரோ சந்தனம் வைத்தார்கள். அஜ்மானில் இருந்த எங்கள் கம்பெனியின் இன்னொரு சைட்டிலிருந்து இரண்டு பேர் வந்து, வாரத்தில் மூன்று நாள் தங்களுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். சாரம் எழுபது அடிக்குப் போனது.

அண்ணாச்சி ஒருநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு துபாய் ஆபீஸுக்குப் பஸ் ஏறினார். வாராந்திர ரிப்போர்ட் கொடுக்கப் போய் நானும் அப்போது மேனேஜர் அறையில் இருந்தேன். டிரைவரிடம் சொல்லவில்லை, செக்ரட்டரியிடம் சொல்லவில்லை. கதவைத் தட்டி நேராக மேனேஜர் முன்னால் நின்றார். பெல்ட் வேண்டும் என்றார்.

உன்னை யார் அனுப்பினார்கள் என்று மேனேஜர் கேட்டார். யாரும் அனுப்பவில்லை என்றார் அண்ணாச்சி. கருப்பையாவுக்குப் பிறகு யாராவது விழுந்தார்களா என்று மேனேஜர் கேட்டார். இல்லை. ஆட்கள் பெல்ட் கேட்டார்களா? கேட்கவில்லை. அப்படியானால் நாம் ஏன் அவர்களுடைய நம்பிக்கையில் தலையிடவேண்டும், மற்றவர்களின் மதத்தை மதிக்கவேண்டும் இல்லையா என்று சிரித்தபடி சொல்லி, கதவுவரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு மரியாதையாக யாரும் அண்ணாச்சியை வெளியே அனுப்பியிருக்கமாட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"நான் கண்ணுல ஒத்தினேன் வே. அந்தப் பாவம் என் கணக்கு."

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கேம்ப் காலி. பாதிப் பேர் ரோலா கடைத்தெருவில் சாமான் வாங்கப் போயிருந்தார்கள், மீதிப் பேர் தூக்கம். சனிக்கிழமை காலை டிரம்மின் மேல் ஹெல்மெட் இல்லை.

ஒருவனும் ஏறவில்லை. மேஸ்திரி யல்லா யல்லா என்று கத்திப் பார்த்தார். அவரையே முதலில் ஏறச் சொன்னார்கள், அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். இத்தாலிக்காரர் வெறும் டிரம்மைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, தனக்கு முதுகுவலி என்றார். அஜ்மான்காரர்கள் திருடிவிட்டார்கள் என்று ஒரு கட்சி கிளம்பியது. அண்ணாச்சி அதை உடனே அடக்கினார். அந்தக் காலத்தில் புனிதர்களின் எலும்பை ஒரு ஊர்க்காரர்கள் இன்னொரு ஊரிலிருந்து திருடிக்கொண்டு போவது வழக்கம்தான் என்றும், பிடிபட்டால், புனிதருக்கே இங்கே வரத்தான் பிரியம், இல்லையென்றால் எங்களைத் தூக்க விட்டிருப்பாரா என்று சொல்வார்கள் என்றும் சொன்னார். ஹெல்மெட் போயிருக்கிறது என்றால் அதற்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டார்.

மூன்று நாள் கோபுரம் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் மேனேஜர் கார் வந்தது. அன்று அவர் சிரிக்கவில்லை. அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேஸ்திரியின் காதில் ஏதோ சொன்னார். மேஸ்திரி இத்தாலிக்காரரிடம் சொன்னார். இத்தாலிக்காரர் மேனேஜரிடம் போய், தனக்கே அப்போதுதான் தோன்றியதுபோல, பெல்ட் இருந்தால் ஏறுவார்கள் என்று நினைக்கிறேன் என்றார். மறுநாள் மதியம் லாரியில் நாற்பத்தெட்டு பெல்ட்டும் வந்து இறங்கின.

அன்று நான் அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன். ஹெல்மெட் என்ன ஆயிற்று?

"கடல்ல போட்டேன் வே. மிதக்குது. முங்க மாட்டேங்குது. முட்டளவு தண்ணியில எறங்கிப் புடிச்சு, உள்ள கல்லை வச்சுக் கட்டித்தான் அனுப்பினேன். மன்னிச்சுக்கிடும்னு சொல்லிட்டுத்தான் கட்டினேன்."

பெல்ட்டுகளை அவர் தினமும் காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கி வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் அச்சடித்திருந்தது. முதல் நாள் கொக்கியை எதில் மாட்டுவது என்று தெரியாமல் பாதிப் பேர் சட்டைப் பொத்தானில் மாட்டினார்கள். அண்ணாச்சி ஏணியடியில் நின்று ஒவ்வொருவனுக்கும் மாட்டிக் காட்டினார். யாரும் அவர்முன் குனியவில்லை. அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்ததாகத் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து, மலையாளி கார்ப்பெண்டர் ஒருவர் எண்பது அடியில் கால் வழுக்கினார். விழவில்லை. பெல்ட்டில் தொங்கினார். பத்து நிமிஷம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தவரை மேலே இழுத்தார்கள். கீழே வந்ததும் அவர் முதலில் செய்தது, பெல்ட்டைக் கழற்றி நம்பரைப் பார்த்தது. பதினேழு.

மறுநாள் காலை ஸ்டோர் ஜன்னலில் வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. முதல் ஆள் பதினேழு கேட்டார். இரண்டாவது ஆளும் பதினேழு கேட்டார். மூன்றாவது ஆள், அண்ணாச்சி, எனக்கு விசா நிற்கிறது, இன்றைக்கு மட்டும் என்றார். பின்னால் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். மீதி நாற்பத்தேழு பெல்ட்டும் மேஜைமேல் கிடந்தன. சிலர் பதினேழு கிடைக்காவிட்டால் வெறும் இடுப்போடு ஏறிவிடுவதாகச் சொன்னார்கள்.

அண்ணாச்சி ஜன்னலைச் சாத்தினார். ஸ்டாக் எடுக்கிறேன், இரண்டு மணிநேரம் ஆகும் என்று உள்ளிருந்து குரல் வந்தது. நான் பின்கதவால் போனபோது அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெல்ட் பெல்ட்டாக மடியில் போட்டு, சவர பிளேடால் நம்பர்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிளேடு விரலைக் கீறி ரத்தம் வந்திருந்தது. எனக்கும் ஒரு பிளேடு கொடுத்தார். இருவருமாகச் சேர்ந்து சுரண்டினோம். எல்லாம் முடிந்ததும் நாற்பத்தெட்டையும் ஒரே குவியலாகப் போட்டு, இரண்டு கையாலும் சோளம் கிளறுவதுபோலக் கிளறினார்.

"இதுல பதினேழு எதுன்னு இப்ப உமக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.